ஒரு கொம்பும் ஒரு காலும்

1

இந்தக் கதை எனக்குச் சோற்றோடு கிடைத்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு களவெட்டியில், அதாவது நெல் மிதிக்கிற களத்தில், கூலிக்கு நின்றேன். நான் வாவியில் வலை இழுத்து வளர்ந்தவன். வயல் எனக்குப் புதிது. கறி வார்த்தவளிடம் கையைக் காட்டி, "போதும்" என்றேன். எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். பிறகு ஒருவன் கேட்டான்: "என்ன காணும், ஐயர் பூசை வைக்கிறீரோ?" சிரிப்பு அடங்குவதற்குள் என் சோறு ஆறிவிட்டது.

களவெட்டிக்குள் "போதும்", "முடிந்தது", "குறைந்தது" என்ற சொற்கள் ஆகாது. சொன்னால் பூதம் வந்து நெல்லை அள்ளிப் போகும். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: பொலி. பெருகட்டும் என்று பொருள். கறி வேண்டாமென்றாலும் பொலி என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னால் இன்னும் இரண்டு கரண்டி வார்ப்பார்கள். அது வேறு விசயம்.

எந்த ஐயர் என்று கேட்டேன். ஆளுக்கொரு துண்டு சொன்னார்கள். மிச்சத்தை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன். எந்த இடத்தில் என்று கேட்காதீர்கள்.

2

தொடக்கங்கள்:

"வாவியின் மேல் மாலை வெயில் பொற்றகடாக..." (நிறுத்தினேன். அந்த வெயில் என் முதுகை உரித்திருக்கிறது. பொன்னை நான் கண்டதில்லை.)

"நற்கருணையில் அப்பம் அப்பமாகவே இருக்கிறதா என்ற வினாவுக்கு இங்கிலாந்துத் திருச்சபையார்..." (இதையும் விட்டேன். நீங்கள் பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.)

"தியோப்பிலஸ் ஐயருக்கு வாழ்நாளில் ஒரு சந்தேகம்தான் இருந்தது." இது நிற்கட்டும்.

3

தியோப்பிலஸ் ஐயருக்கு வாழ்நாளில் ஒரு சந்தேகம்தான் இருந்தது. நற்கருணைப் பாத்திரத்தைக் கையில் ஏந்தி நிற்கும்போது அது வரும். ஆண்டவர் சிலுவையில் ஒரே தரம் செலுத்தியது நிறைவான, பூரணமான, போதுமான பலி என்று அவர் வாய் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும். போதுமென்றால் நான் ஏன் கிழமைக்குக் கிழமை மேசை விரிக்கிறேன் என்று மனம் கேட்டுக்கொண்டிருக்கும்.

அவர் அங்கிலிக்கன் குரு. மட்டக்களப்பில் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கத்தோலிக்கச் சுவாமியிடம் கேட்டால், பீடத்தில் நடப்பதும் அதே பலிதான் என்பார். என்றுவிட்டு, ஐயரின் மனைவி சுகமா என்று விசாரிப்பார். மெதடிஸ்த போதகரிடம் கேட்டால், நாங்கள் நினைவுகூருகிறோம் என்பார். என்றுவிட்டு, ஐயர் கொளுத்திய மெழுகுதிரிகளை ஒரு மாதிரிப் பார்ப்பார். திரும்பவும் பலியிடுகிறோம் என்றால் முதற்பலி காணாது, போதவில்லை என்றாகிவிடும். நினைக்கிறோம் என்றால், அதற்குச் சுவரில் ஒரு படம் மாட்டினால் தீர்ந்தது. இரண்டுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது, சொல்தான் அகப்படவில்லை என்று ஐயர் ஒரு சின்ன நூல் எழுதினார். அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தது கறையான் ஒன்றுதான்.

(அந்த நூலை நான் தேடவில்லை. கிடைத்தால் வாசிக்க வேண்டி வரும்.)

4

ஐம்பத்தொன்பதாம் ஆண்டுப் பெரும்போகம். மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை பீற்றிஸ் ரீச்சருக்குப் படுவான்கரை வட்டையில், அந்த வயல்வெளியில், தகப்பன் விட்டுப்போன வயல் இருந்தது. நெல்லை அளக்குமுன் களவெட்டியிலேயே ஒரு நன்றி ஆராதனை வைத்துத்தர வேண்டும் என்று ஐயரைக் கூட்டிப்போனார். ஆர்மோனியத்தையும் தோணியில் ஏற்றினார். அது வழியில் நனைந்து, அன்றிலிருந்து ஒரு கட்டைக்குத் தவளை மாதிரிக் கத்தியது.

வயலில் வேலைகளுக்குத் தலைவர் முல்லைக்காரர் நல்லரத்தினம். அவரும் அவருடைய ஆட்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். களவெட்டிக்குள் இறங்கினால் பூதத்துக்குப் பயந்தவர்கள். ஆண்டவரும் பூதமும் தம் தம் பாட்டில் இருந்தார்கள், அன்றுவரை.

எருமைகளை அவிழ்த்துவிட்டு, பெட்டியொன்றைக் கவிழ்த்து வெள்ளைத் துணி போட்டார்கள். ஐயர் ஜெபத்தைத் தொடங்கினார். நிறைவான, பூரணமான, போதுமான என்று வந்ததும் நல்லரத்தினம் முழங்காலிலிருந்து எழும்பிவிட்டார்.

"ஐயா, அந்தச் சொல்ல இஞ்ச சொல்ல ஒண்ணா."

"எந்தச் சொல்?"

"சொல்ல ஒண்ணாத சொல்ல நான் எப்பிடி ஐயா சொல்லுறது?"

ஐயர் ஜெபத்தில் வந்த வழியே திரும்பிப் போய்த் தேடினார். நிறைவா? இல்லை. பூரணமா? இல்லை. நடுவில் நின்ற சொல்லைத் தாண்டி, அப்போ பலியா என்று கேட்டார். பின்னால் நின்ற அரைக்காது ஆட்களுக்கு அது வேறு மாதிரி விழுந்தது. "பொலி" என்றான் ஒருவன். "பொலி, பொலி" என்று களவெட்டி முழுக்கச் சொன்னது. குருவானவருக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டதென்று நல்லரத்தினம் மறுபடி முழந்தாளிட்டார்.

ஐயர் குவியலைப் பார்த்தபடி நின்றார். விதைத்த நெல் ஒரே தரம்தான் மண்ணுக்குள் செத்தது. அதை மறுபடி ஒருவரும் சாகடிப்பதில்லை. அதற்காக இந்தக் குவியல் அதன் ஞாபகப் படமும் இல்லை. அங்கே செத்ததுதான் இங்கே கிடக்கிறது, பொலிந்து. நூலெழுதியும் அகப்படாத சொல், தூசியும் எருமைச் சாணியும் மணக்கிற இடத்தில், ஒருவன் காதில் பிழையாக விழுந்ததால் வந்து நின்றது.

பாத்திரத்தை உயர்த்தி, "நிறைவான, பூரணமான, என்றைக்கும் பொலிகிற பொலி" என்றார்.

சனம் "பொலி" என்றது. ஆமென் சொல்ல ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

5

பீற்றிஸ் ரீச்சர் கொழும்புக்கு முறைப்பாடு செய்தார்.

முதற்படியில் இவரை நான் கெட்டவராக எழுதினேன். மெல்லிய உதடு கொடுத்தேன், கோள் சொல்லவைத்தேன், ஒரு பூனையும் வளர்க்கவிட்டேன். வெட்டிவிட்டேன். பிள்ளைகள் வாய்ப்பாட்டில் ஒரு எண் பிசகினாலே பிரம்பெடுக்கிற ஒருத்தியின் முன்னால், பாடமான ஜெபத்தைக் குருவானவரே மாற்றினால் அவர் வேறென்ன செய்வார்? பூனையை மட்டும் வைத்திருக்கலாமோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

கொழும்பில் கனன் ஒருவர் இருந்தார். அத்தியட்சருக்கு, அதாவது பிஷப்புக்கு, அடுத்த வரிசைப் பெரிய குரு. தமிழர்தான், ஆனால் தமிழை அகராதியில் பார்த்துப் பேசுகிறவர். பலிக்கு ஒரு கொம்பும் ஒரு காலும் வைத்தால் பொலி. (காலை எங்கள் பள்ளிக்கூடங்களில் அரவு என்போம். கதைக்குக் காலென்றால்தான் வசதி.) அகராதியில் பெருக்கம் என்று போட்டிருந்தது, நெற்குவியல் என்று போட்டிருந்தது, அதற்கும் கீழே பசுவைச் சினைப்படுத்த விடுகிற காளை என்று போட்டிருந்தது. கனனின் விரல் கீழேதான் போய் நின்றது. கொம்பும் காலும் முளைத்த பிறகு அது வேறென்னவாக இருக்கும்?

6

அந்தப் போகத்தின் கடைசிச் சூட்டை, அதாவது கதிர்ப்போரை, மிதித்து, ரீச்சரின் நெல் அளக்காமல் கிடந்தபோதே கனன் வந்து இறங்கினார். சம்பவம் நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து, களவெட்டி நடுவில் நின்று கேட்டார்:

"நீர் ஆண்டவரைக் காளைமாடு என்றீரா?"

"இல்லை. பொலி என்றேன்."

"அதுதான் காளை."

நல்லரத்தினம் இடையில் புகுந்தார். "எங்கட கடா எல்லாம் நலமடிச்சது ஐயா, சினைப்படுத்தாது. நீங்க பயப்புட வேணாம்."

கனன் முகம் சிவந்தாலும் கெட்ட மனிதர் அல்ல. ஐயரைக் கொஞ்சம் ஒதுக்கிக் கூட்டிப்போய், இறங்கிய குரலில் விசயத்தைச் சொன்னார். இந்தச் சனத்துக்கு முன்னால் பலி என்று திருத்திச் சொல்ல வேண்டும். சொன்னால் வாய் தவறியது என்று எழுதிக்கொள்வார்கள்; கோயிலும் பீடமும் அவருக்கே. பொலி என்று நின்றால், அறிந்து சொன்னதாகும். இனிமேல் அவர் பாத்திரத்தைத் தொட முடியாது.

ஐயர் தம் கைகளைப் பார்த்தார். அந்தப் பாத்திரத்தைத் தவிர அவை உருப்படியாக ஒன்றையும் தூக்கியதில்லை. திங்கட்கிழமைகளில் அவை வெறுமையாக ஆடிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை வந்தால் தாமாகவே சூடேறும். அதில்லாமல் போனால் இந்தக் கைகளைக் கொண்டு என்ன செய்வது? அதேவேளை, அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்ட பிறகு, அதை விழுங்கிய வாயோடு பாத்திரத்தின் முன்னால் எப்படி நிற்பது?

கனனுக்கு இரக்கம் வந்தது. ஐயரின் தோளில் கைவைத்து, எல்லோருக்கும் கேட்கவே சொன்னார்:

"ஒரே ஒரு சொல். சொன்னால் போதும்."

களவெட்டி விறைத்தது.

"பொலி."

சொன்னது நல்லரத்தினம் அல்ல. பீற்றிஸ் ரீச்சர். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நீங்கள்தானே முறைப்பாடு செய்தீர்கள் என்று கனன் திகைத்துக் கேட்டார். ரீச்சர் கையை எடுத்தார்.

"அது கோயில் விசயம். இது என்ட நெல்லு."

சிரிக்கக் கூடாது என்று நல்லரத்தினத்தின் ஆட்கள் வானத்தைப் பார்த்தார்கள். தமக்கு உதவ ஒருவரும் இல்லை என்ற முகத்தோடு கனன் ஐயரைப் பார்த்தார். இனி ஐயர்தான் சொல்ல வேண்டும்.

7

முடிவுகள்:

(அ) ஐயர் பலி என்கிறார். பீடம் அவருக்கு மிஞ்சுகிறது. ஞாயிறுதோறும் "போதுமான" வந்ததும் அவருக்கு ஓர் இருமல் வருகிறது. இருமலுக்கு அடியில் சனம் மெதுவாக ஏதோ சொல்கிறது. ரீச்சர் அந்த நேரம் பார்த்து ஆர்மோனியத்தின் தவளைக் கட்டையை அமர்த்துகிறார்.

(ஆ) ஐயர் பொலி என்கிறார். பாத்திரம் வேறு கைக்குப் போகிறது. அவருடைய கைகள் வெறுமையாக ஆடியபடி வயதாகின்றன. படுவான்கரைச் சனம் அவரை மறக்கவில்லை. ஆனால் அவர் கண்டுபிடித்த சொல்லை விட்டுவிட்டு, பிசகாகச் சொன்ன சொல்லைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. அதையும் யாராவது கறி வேண்டாமென்று சொன்னால்தான் எடுக்கிறது.

(இ) கனன் மனம் மாறி, குவியலின் முன்னால் முழந்தாளிட்டு... இல்லை. சேற்றில் வெள்ளைக் காற்சட்டையோடு முழந்தாளிடுகிற கனனை என்னால் நம்ப முடியவில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள்.

அந்த வட்டையில் கேட்டேன். பாதிப்பேர் (அ) என்றார்கள், பாதிப்பேர் (ஆ) என்றார்கள், ஒருவன் என்னிடம் புகையிலை இருக்கிறதா என்றான்.

ஆகவே ஐயரை நான் விட்ட இடத்திலேயே விடுகிறேன். பலியோ பொலியோ, இரண்டையும் உதடு மூடித்தான் தொடங்க வேண்டும். அவர் உதட்டை மூடிவிட்டார். கனன் காத்திருக்கிறார். ரீச்சர் நெல்லைப் பார்க்கிறார். கொம்பையும் காலையும் உங்கள் கையில் தந்திருக்கிறேன். வைப்பதென்றால் வையுங்கள், விடுவதென்றால் விடுங்கள். ஆனால் வைத்தால் அவர் எதை இழக்கிறார், விட்டால் எதை விழுங்குகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல வைக்க முடியாது.

கதையின் அடியில் வழக்கமாக ஒரு சொல் போடுவார்கள். அதை நான் போடமாட்டேன். நெல் இன்னும் அளக்கவில்லை.