முனிரத்தினத்தின் இடது முட்டி

தங்கவயல் ஆம்பளைகளுக்கு ஒரு விசித்திரமான வியாதி உண்டு. டாக்டரைக் கண்டதும் அவர்களுக்கு உடம்பு குணமாகிவிடும். வீட்டில் விடிய விடிய முனகியவன் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். எப்படி இருக்கீங்க என்று டாக்டர் கேட்டு வாய் மூடுவதற்குள் "ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்" என்பான். இந்த வியாதியைக் கண்டாலே ஷைலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஷைலா ஒரு ராணுவ ஹவில்தாரின் விதவை. கணவன் இறந்தபின் குடும்ப பென்ஷனுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, எந்த மேசையில் எந்தக் காகிதம் தூங்கும் என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டவள். தன் காரியம் முடிந்ததும் விட்டது சனி என்று அவள் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் தம்பியின் ஜெராக்ஸ் கடையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு பென்ஷன் மனு எழுதித் தருகிறாள். காசு வாங்குவதில்லை. திட்டு மட்டும் தாராளமாகக் கொடுப்பாள்.

அவளிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவன் சாம்பியன் ரீஃப்ஸ் பகுதியைச் சேர்ந்த முனிரத்தினம். ஹவில்தாராக மலைப் பக்கம் டூட்டியில் இருந்தபோது ராணுவ லாரி பள்ளத்தில் உருண்டு அவனுடைய இடது முட்டி நொறுங்கிப்போனது. ஆபரேஷன் செய்து ஒட்டவைத்தார்கள். சர்வீஸ் முடிந்து வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு அவனைப் பார்த்து, ஊனம் இருபது சதவீதத்துக்கும் கீழே என்று எழுதிவிட்டது. இருபது இல்லையென்றால் ஊனத்துக்கான பென்ஷன் கிடையாது. இப்போது தினமும் ரயிலில் பெங்களூர் போய் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டியாக நாள் முழுக்க நிற்கிறான். இந்த வேலையை விடாவிட்டால் காலே போய்விடும் என்று எலும்பு டாக்டர் சொல்லியாகிவிட்டது. பென்ஷன் வந்தால்தான் விடமுடியும். ஷைலா அப்பீல் எழுதிப்போட்டதில் மறுபடி ஒரு போர்டு கூப்பிட்டிருந்தது. அதையும் கோட்டைவிட்டால் அப்புறம் வக்கீல், கோர்ட்டு என்று வருஷக்கணக்கில் இழுக்கும்.

அதனால் போர்டுக்கு முந்தின வாரம் கடையிலேயே ஒரு ஒத்திகை நடந்தது.

"நான்தான் டாக்டர்னு நெனச்சிக்கோ தம்பி. முட்டி எப்படி இருக்குது?"

முனிரத்தினம் சட்டென்று எழுந்து குதிகாலைச் சேர்த்து நின்றான். "நல்லா இருக்குது மேடம்."

"படி ஏறுவியா?"

"ஏறுவேன் மேடம்."

"ஓடுவியா?"

கொஞ்சம் யோசித்தான். "ஆர்டர் குடுத்தா ஓடுவேன் மேடம்."

ஷைலா பேனாவைத் தூக்கி மேசைமேல் எறிந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மமதா தலையில் அடித்துக்கொண்டாள். "காலைல நான் தோள் குடுத்தாதான்க்கா கட்டில வுட்டு எழுந்துக்கிறாரு. இவரு ஓடுவாராம்!"

"இன்னாப்பா இது? போன போர்டுலயும் இப்படித்தான் சொன்னியா?"

"ஏதாவது கம்ப்ளெயிண்ட் இருக்குதான்னு கேட்டாங்க. இல்லன்னேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்க நைனா அப்படித்தான்க்கா பழக்கினாரு."

அவனுடைய நைனா சுரங்கத்தில் டிரில்லிங் வேலை பார்த்தவர். டாக்டர் மார்பைச் சோதிக்கும் நாள் வந்தால் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த அந்த லைனில் வீட்டுக்கு வீடு ஒரே காட்சிதான். விடியும்போதே ஆண்கள் கொல்லைப் பக்கம் போய் இருக்கிற இருமலையெல்லாம் இருமித் தீர்ப்பார்கள். வெந்நீர் குடித்து, தலையைப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி கிளம்புவார்கள். டாக்டர் எதிரில் இருமிவிட்டால் அண்டர்கிரவுண்ட் வேலை போய்விடும் என்று அத்தனை பேருக்கும் பயம்.

"நைனா பாஸாயி வந்தா அன்னிக்கி எங்க வூட்ல கறிக்கொழம்பு," என்றான் முனிரத்தினம். "கடைசில அந்தச் சுரங்கத் தூசிலதான் செத்துப்போனாரு."

ஷைலாவின் அப்பாவும் அப்படித்தான் போனார். அவள் திட்ட வந்த வாயை மூடிக்கொண்டு, போர்டுக்குத் தானும் கூட வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்கு மாரிகுப்பத்திலிருந்து வந்த காலை ரயிலில் மூவரும் ஏறினார்கள். பெங்களூர் வேலைக்குப் போகிற கூட்டம் நெருக்கியடித்தது. பெண்கள் இருவரும் இடுக்கி உட்கார்ந்தார்கள். முனிரத்தினத்துக்கும் எப்படியோ ஒரு இடம் கிடைத்தது. அதை அவன் ஒரு காலேஜ் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு மேல்கம்பியைப் பிடித்து நின்றான். பட்டாளத்தான் பட்டாளத்தான்தான் என்று ஷைலாவுக்குப் பெருமையாக இருந்தது. முட்டியை நினைத்தபோது எரிச்சலாகவும் இருந்தது.

போகிற வழியில் பேச்சு அந்த லாரி விபத்துக்குத் திரும்பியது. அவன் அதைப்பற்றி யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ரயில் சத்தத்தில் சொல்வது அவனுக்குச் சுலபமாக இருந்ததோ என்னவோ, சொன்னான். லாரி கவிழ்ந்தபோது நினைவோடு இருந்தவன் அவன் ஒருவன்தான். காலை இழுத்துக்கொண்டே பனியில் தவழ்ந்து போய் வயர்லெஸ் செட்டைத் தேடிப் பிடித்து, கேம்புக்குத் தகவல் கொடுத்திருக்கிறான். எந்த இடம், எத்தனை பேர், யாருக்கு எங்கே அடி என்று ஒவ்வொன்றாக. அவன் கொடுத்த தகவலால்தான் எல்லோரும் பிழைத்தார்கள். மமதா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கே இது புதுசு.

ஷைலா மெதுவாகக் கேட்டாள். "அதுல ஒன்னப்பத்தியும் சொன்னியா?"

"சொல்லாம? ஒருத்தர், இடது முட்டி ஒடஞ்சிபோச்சி, நடக்க முடியாதுன்னு சொன்னேன்."

"அங்க மட்டும் எப்படி வாய் வந்துச்சி?"

"அது ரிப்போர்ட்டுக்கா. கொறைச்சி சொன்னா ஸ்ட்ரெச்சர் கொறைச்சலா வரும். அப்புறம் இன்னொருத்தனுக்குப் படுக்க எடம் இருக்காது. ரிப்போர்ட்ல பொய் சொல்றவன் சோல்ஜரே இல்ல."

ஷைலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளாக இவனை அழ வைக்கப் பார்த்தோமே, என்ன முட்டாள்தனம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. இவனுக்குப் புலம்ப வராது. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல இவனைவிட நல்ல ஆள் யார்?

"தம்பி, இன்னிக்கும் அதயே பண்ணு. வலிக்குதுன்னு அழவேணாம். அந்த முட்டியோட நெலவரத்தை மட்டும் ரிப்போர்ட் பண்ணு. கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது."

அவன் பெங்களூர் வருகிறவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே நின்றான்.

ராணுவ ஆஸ்பத்திரியில் போர்டுக்காகச் சோதிக்கும் எலும்பு டாக்டரின் அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவில் ஒரு திரைதான். பெண்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா தமிழ்ப் பெண்தான் போலிருக்கிறது. உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"சொல்லுங்க ஹவில்தார். ஏதாவது கம்ப்ளெயிண்ட் இருக்கா?"

பூட்ஸ் குதிகால் சேருகிற சத்தம் கேட்டது.

"இல்ல மேடம்."

ஷைலா போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே ஃபேன் மட்டும் கரகரத்தது.

"கம்ப்ளெயிண்ட் இல்ல மேடம்," என்று மறுபடி அவன் குரல் வந்தது. "ரிப்போர்ட் இருக்குது. குடுக்கலாமா?"

"குடுங்க."

முனிரத்தினம் பரேட் மைதானத்துக் குரலில் ஆரம்பித்தான்.

"இடது முட்டி, மேடம். காலைல மடங்காது. மனைவி தூக்கிவுட்டாதான் எழுந்துக்க முடியும். படியில ஏறிடுவேன், எறங்க முடியாது. எறங்கும்போது யாரும் பாக்கலன்னா ஒக்காந்து ஒக்காந்து எறங்குவேன். ரயில்ல எடம் கெடைச்சா அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவேன். ஒக்காந்தா எழுந்திருக்க வராது, அதான். எல்லாரும் நல்ல மனசுன்னு நெனச்சிக்கிறாங்க."

ஷைலா தலையைக் குனிந்துகொண்டாள். நினைத்தவர்களில் அவளும் ஒருத்தி.

"மழை வந்தா ராத்திரில தூங்க முடியாது. எழுந்துபோயி வாசல்ல செவுத்தப் புடிச்சிகினு நிப்பேன். மனைவிக்குத் தெரியாது. தெரிஞ்சா அவளும் தூங்கமாட்டா. ரிப்போர்ட் முடிஞ்சிது மேடம்."

மமதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்க்கா," என்றாள், ஷைலாவுக்கு மட்டும் கேட்கும்படி. "கதவுக்கு இந்தாண்ட நானும்தான் நின்னுகினு இருப்பேன்."

ஷைலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு புருஷன் பெண்டாட்டியை அவள் பார்த்ததில்லை. இவர்களுக்காக இன்னும் எத்தனை ஆபீஸ் ஏறினாலும் தகும் என்று தோன்றியது.

உள்ளே டாக்டரம்மா யாரிடமோ, "அவர் சொன்னது ஒண்ணுகூட விடாம எழுதிக்கங்க," என்றார். பிறகு குரல் தணிந்தது. "படுங்க ஹவில்தார். நான் முட்டியை மடக்கிப் பாக்கணும். வலிச்சா சொல்லுங்க. மறைச்சீங்கன்னா என் ரிப்போர்ட் தப்பாயிடும்."

கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம், நைனாவின் பிள்ளை பிறந்ததிலிருந்து எந்த டாக்டர் முன்னாலும் போடாத கூச்சலை ஆஸ்பத்திரியே அதிரும்படி போட்டான்.

"ஐயோ, அம்மா! வலிக்குது! வலிக்குது மேடம்!"

வராந்தாவில் இருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஷைலா பதறிப்போய் எழுந்தாள். மமதா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"கத்தட்டும்க்கா," என்றாள். "இன்னும் நல்லா கத்தட்டும்."