இலை போடாத குடுவை

நான்கு கிலோ சிறுகுறிஞ்சான் இலையைக் காயவைத்துப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, கண்ணாடிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பிரித்தெடுக்கக் கன்னிகாவுக்கு ஒன்றரை வருடம் ஆனது. கடைசியில் கிடைத்தது அறுபது மில்லிகிராம் எண்ணெய். சர்க்கரை வியாதிக்கு ஊரெல்லாம் மெல்லும் இலை அது. அதிலிருந்து இதுவரை யாரும் எடுக்காத சேர்மம் இது என்று அவளுடைய ஆராய்ச்சிப் படிப்புக்குக் கைடான பேராசிரியர் கோவர்த்தனன் முடிவுகட்டினார். கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்ட அன்றே திருப்பதியில் நிருபர்களைக் கூட்டி, சர்க்கரைக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றார். மறுநாள் தெலுங்கு நாளிதழில் அவர் படம். பக்கத்தில் குடுவையும் கையுமாகக் கன்னிகா.

அடுத்த வாரம் ஆய்வேடு எழுதுவதற்காகப் ஆய்வகத்துப் பழைய கோப்புகளைப் புரட்டியபோதுதான் சென்னையிலிருந்து வந்த சோதனை அறிக்கையின் மூன்றாம் பக்கம் அவள் கண்ணில் பட்டது. கோவர்த்தனன் அவளிடம் கொடுத்திருந்தது முதல் இரண்டு பக்கங்களை மட்டும். மூன்றாம் பக்கத்தில் 149 என்ற எண்ணுக்கு நேராக உயரமான கோடு. பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் எண்ணெயின் அடையாளம் அது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பார்த்ததும் சந்தேகப்படவேண்டிய எண்.

அன்றே அவள் ஒரு சோதனை செய்தாள். கரைப்பான் வைத்திருந்த அதே பிளாஸ்டிக் கேனிலிருந்து ஐந்து லிட்டர் எடுத்து, இலையே போடாமல் ஆவியாக்கினாள். குடுவையின் அடியில் அதே எண்ணெய் மினுங்கியது. இரண்டையும் சோதனைத் தகட்டில் அருகருகே புள்ளி வைத்து ஏறவிட்டுப் பார்த்தாள். இரண்டு புள்ளிகளும் ஒரே உயரத்தில் நின்றன; இரண்டும் ஒரே பொருள்.

தகட்டை எடுத்துக்கொண்டு கோவர்த்தனன் அறைக்குப் போனாள். "சார், இது இலையிலேர்ந்து வரல. கேன்லேர்ந்து வந்திருக்குது."

அவர் தகட்டைக் கையில் வாங்கவேயில்லை. "சூடம்மா, இங்க பாரு, மார்ச்சுல ப்ராஜெக்ட் ரினியூவல். அது முடியட்டும். அப்புறம் மெதுவா ஒரு திருத்தம் அனுப்பலாம்."

"அதுக்குள்ள யாராச்சும் நம்பி மாத்திரைய நிறுத்திட்டா சார்?"

"ஊர்ல எல்லாரும் துன்ற இலைதானே? போய் தீசிஸ் எழுது."

அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் கிடையாது. கன்னிகா போய் எழுதினாள். பத்து நாள் வாயைத் திறக்கவில்லை.

பதினோராம் நாள் காலை அம்மா போன் செய்தாள். ரேணிகுண்டாவில் லேத் பட்டறையில் நின்றபடியே நைனா நரசிம்மன் சுருண்டு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சர்க்கரை ஐந்நூற்றைத் தாண்டியிருந்தது. வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. பேப்பரில் செய்தி வந்த நாளிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை, இலைக் கஷாயம்தான் என்றாள் அம்மா.

"யாரக் கேட்டு நிறுத்துன நைனா?"

"யாரக் கேக்கணும்? பட்டறையில பேப்பரக் காட்டி எம்பொண்ணு கண்டுபுடிச்ச மருந்துன்னு சொல்லிக்கினு கீறேன். நானே மாத்திரை போட்டுக்கினா அவனுங்க சிரிக்கமாட்டானுங்க?"

விரல்களை மறுநாள் எடுத்துவிட்டார்கள். கன்னிகாவுக்கு அழுகை வரவில்லை. கோவர்த்தனன்மேல் வந்த அளவுக்குத் தன்மேலும் ஆத்திரம் வந்தது. நேராக விடுதிக்குப் போய், மூன்றாம் பக்கத்தையும் இலை போடாத சோதனையின் படத்தையும் சேர்த்து ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினாள். பதிவாளருக்கும் நிருபர்களுக்கும் அதன் நகல் போனது. பிறகு கோவர்த்தனன் முன்னால் போய் நின்றாள்.

"அனுப்பிட்டேன் சார்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "உன் மூணு வருஷமும் போச்சு. தெலுசா?"

"எங்க நைனா கால்ல ரெண்டு விரல் போச்சு. அது உங்களுக்குத் தெலுசா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னேன். இதே சேர்ல உக்காந்துக்கினுதான் கேட்டீங்க."

நான்கு மாதம் கழித்து ஆய்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மாணவியின் கவனக்குறைவு என்று பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழுவிடம் கோவர்த்தனன் எழுதிக் கொடுத்தார். இலை போடாத சோதனையையும் அவரிடம் சொன்ன நாளையும் தேதி போட்டு எழுதிவைத்த தன் நோட்டை அவள் மேசைமேல் வைத்தாள். இனி மாணவர்களை எடுக்கக்கூடாது என்று அவருக்கு உத்தரவு வந்தது. வேலை அப்படியே இருந்தது. நாளிதழ் உள்பக்கத்தில் நான்கு வரி மறுப்பு போட்டது. பிரமிளா என்ற வேறொரு கைடிடம் கன்னிகா முதலிலிருந்து தொடங்கினாள்.

பத்து நாள் முன்பே தனக்குத் தெரியும் என்பதை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே நைனாவிடம் சொல்லியிருந்தாள்.

"தெரிஞ்சிக்கினுமா சும்மா இருந்த?"

"ஆமா நைனா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கால் ஆறியதும் பட்டறைக்குப் போன முதல் நாளே, அவர் பேச்சை நம்பி மாத்திரையை விட்டிருந்த மூன்று பேரைத் தேடிப் பிடித்தாராம். அதை அம்மாதான் சொன்னாள். "எம்பொண்ணு சொன்னது பொய்யி. இன்னிக்கே மாத்திரை வாங்கிப் போடுங்கடா" என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினாராம். கன்னிகா ஊருக்கு வரும்போது அவளிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறார். அவளும் அதற்குமேல் கேட்பதில்லை.