மடங்காத முழங்கால்கள்

படாளத்துக்குப் பக்கத்துக் காலனியின் சபையில் இருநூற்றுப் பதினேழு பேருக்கு, ஒரே ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு முழங்கால் மடங்காமல் போனது. சைக்கிள் மிதிக்க மடங்கியது, களை பறிக்கக் குந்தினால் மடங்கியது. ஜெபிக்க மண்டியிடப் போனால் மட்டும் இரும்புக் குழாய் மாதிரி நின்றது. செங்கல்பட்டு எலும்பு டாக்டர் நாற்பது பேருக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஆயர் ஞானதாஸ் நின்றபடியே ஆராதனையை முடித்தார். வேறென்ன செய்வார் பாவம், அவருக்கும் மடங்கவில்லை.

அதற்கு முந்தைய வாரம்தான் ஹேமந்த் ஜெபப் பெட்டியைப் போனுக்குள் கொண்டுவந்திருந்தான். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் அவன். தகவல் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்துவிட்டால் மனுஷன் தானாகத் திருந்திவிடுவான் என்று சத்தியமாக நம்பியவன். கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை, அதைச் சொல்லாமல் விட்டால் நமக்குத்தான் பாவம். கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. மனக்குறை உள்ளவர்கள் பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போடுவார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், அதை நடத்தும் பார்வதம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து, வாய்க்குள்ளேயே வாசித்து, மண்டியிட்டு ஜெபித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுவார்.

"ஒருத்தங்க படிச்சா ஒரு ஜெபம். ஊரே படிச்சா எரநூறு ஜெபம். இதுல இன்னா தப்பு கீது?" என்றான் ஹேமந்த். சபைக் கமிட்டி கை தட்டியது. அந்த வாரச் சீட்டுகளைக் கட்டாகப் படம் பிடித்து, ஒன்றைக்கூடப் படிக்காமல் எல்லார் போனுக்கும் ஏற்றிவிட்டான். பெயர்தான் இல்லையே என்று நினைத்தான்.

பெயர் எதற்கு, கையெழுத்து போதாதா? ஏழாவது சீட்டில், "ரெண்டாவதும் தங்கல ஆண்டவரே. அவருகிட்ட இன்னும் சொல்லல" என்று இருந்தது. ஓய்வுநாள் பள்ளிக் கரும்பலகையில் வாராவாரம் மனப்பாட வசனம் எழுதும் கவியாவின் கை அது என்று காலனிக் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்தது. அவள் புருஷன் ஹேமந்துக்கு மட்டும் தெரியவில்லை. கல்யாணமான நாலு வருஷத்தில் அவர்கள் எழுதிக்கொண்டதெல்லாம் போனில்தான். சனிக்கிழமைக்குள் நூற்றறுபது பேர் அந்தச் சீட்டுக்குப் போனிலேயே கைகூப்பும் பொம்மை போட்டார்கள். அதில் ஒரு பொம்மை ஹேமந்த் போட்டது. வீட்டுப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. முழங்கால் நின்ற அதே ஞாயிறு, காலை ஏழரை பஸ்ஸில் கவியா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கல்பாக்கம் போய்விட்டாள்.

புதன்கிழமை பார்வதம்மா போனை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். "இது யாரு எழுத்துன்னு நெசமாவே தெரியலியா நைனா?"

அப்போதுதான் தெரிந்தது. போன வருஷம் முதல் கரு கலைந்தபோது, நூற்றுக்கு எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்று போனில் தேடி அவளுக்குப் படித்துக் காட்டியவன் அவன். ஆறுதல் சொன்னதாக நினைத்திருந்தான், மகராசன்.

பைக்கை எடுத்தான். திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தி, மனைவியிடம் என்ன பேசுவது என்று போனில் தேடினான். பதினொரு பதில் வந்தது. பதினொன்றையும் மனப்பாடம் செய்தான். கல்பாக்கத்தில் கவியா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா எத்தினி பேருக்கு ஆவுதுன்னு படிச்சிக் காட்டுவ. ஆண்டவருக்குத் தெரியாததா இன்னா? தெரிஞ்சும் அவரே ஏதேன் தோட்டத்துல எறங்கி வந்து, எங்க கீறன்னு ஆதாமைக் கேட்டாரு. நீ ஒரு நாளு கேட்டியா?"

மனப்பாடம் செய்த பதினொன்றையும் ஒதுக்கிவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல கவியா. நீ சொல்லு" என்றான். ஈரத்தரையில் அவன் முழங்கால் மடங்கியது. அவன் அப்போது ஜெபிக்கவில்லை, அதனால்தான் மடங்கியது என்று சிலர் சொல்வார்கள். அதுதான் ஜெபம் என்பது ஆயரின் கட்சி. அவள் சாயங்காலம்வரை சொன்னாள். வலித்தது, தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனது, கலைந்த இரண்டுக்கும் பெயர் வைத்திருந்தது எல்லாம். அவன் வாய்விட்டு அழுதான்.

ஹேமந்துக்கு மடங்கிய விதம் காலனிக்கும் தெரியவந்தது. இப்போது அங்கே சனிக்கிழமை சாயங்காலம் யார் வீட்டுக்காவது போய், உட்கார்ந்து, கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு மறுநாள் மடங்கும். சோம்பல்படுகிறவர்கள் நின்றபடி ஜெபிப்பார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்த கவியாவும் ஹேமந்தும் முன்வரிசையில் மண்டியிட்டு, ஆல்வின், பிரிசில்லா என்று இரண்டு பெயரையும் சத்தமாகச் சொல்லி ஜெபிக்கிறார்கள். சபை ஆமென் சொல்கிறது.