ஏழாம் எண் ஆட்டக்காரி

மதலேனாள் சந்தவாசல்காரி. ஜமுனாமரத்தூரைத் தாண்டி மலைமேல் இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. 1984இல் சென்னையில் பத்து நாள் வாள்வீச்சுப் பயிற்சி முடித்து வந்தவள், கீழே ஒரு பள்ளியில் வேண்டாமென்று ஒதுக்கியிருந்த சாமான்களைக் கேட்டு வாங்கி பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தாள். வெள்ளைச் சட்டைகள், கம்பிவலை முகமூடிகள், முனையில் ரப்பர் குமிழ் வைத்த மெல்லிய வாள்கள். கையுறைகள் எல்லாம் வலக்கைக்கானவை.

மார்கழியில் மாநிலப் போட்டிக்கு இரண்டு பெண்களை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆறு பேர் தயாராக இருந்தார்கள். தேர்வு நாளன்று மதலேனாள் ஒவ்வொரு முகமூடியின் வலையையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஒன்றிரண்டு இடத்தில் கம்பி துருப்பிடித்திருந்தாலும் எந்த வலையும் உள்ளே அமுங்கவில்லை. பிறகு ஒவ்வொருத்தி முதுகிலும் நீலச் சாக்பீஸால் எண் போட்டாள். ஒன்று முதல் ஆறு வரை.

ஒவ்வொருத்தியும் மற்ற ஐந்து பேருடனும் ஒரு தடவை மோத வேண்டும். எதிராளியை முதலில் ஐந்து முறை வாள்முனையால் தொட்டவள் வென்றவள். மொத்தம் பதினைந்து ஆட்டம். கட்டம் போட்ட தாளில் வெற்றி தோல்வியைக் குறித்தவர் தமிழாசிரியர் சந்தியாகப்பன்.

கதவில்லாத கொட்டகைக்குள் மதியத்துக்கு மேல் மூடுபனி புகுந்தது. முகமூடிக்குள் யார் முகமும் தெரியவில்லை. மதலேனாள் முதுகு எண்ணைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள். கால்கள் சிமெண்டில் தேய்ந்தன, வாள்கள் உரசின, அவள் கை தூக்கிக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் முடிந்ததும் சந்தியாகப்பன் தாளை நீட்டினார்.

"டீச்சர், இருவத்தோரு ஆட்டம் எழுதிக்கிறேன்."

தாளில் ஏழாவது வரிசை ஒன்று இருந்தது. அவர் கையெழுத்துதான். பெயர் இல்லை. ஐந்து வெற்றி, ஒரு தோல்வி.

"நீங்கதான் ஏழுன்னு கூப்பிட்டீங்க," என்றார்.

கூப்பிட்டிருந்தாள். இப்போது ஞாபகம் வந்தது. உயரமானவள். இடக்கையில் வாள், வெறுங்கை. அப்போது அது வினோதமாகவே படவில்லை.

"எல்லாரும் மூஞ்சிமூடியக் கழட்டுங்க. வரிசையா நில்லுங்க."

ஆறு முகங்கள். ஆறும் வலக்கைக்காரிகள்.

"நானும் ஆடுனேன் டீச்சர்," என்றாள் கெங்கம்மாள். "நம்ம முத்தம்மான்னு நெனச்சேன்."

"நான் கெங்கம்மான்னு நெனச்சேன்," என்றாள் முத்தம்மாள், அழுகிற குரலில்.

தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். ஆனால் ஏழாவது வரிசையை அடித்தால் பச்சையம்மா மூன்றாவதாகிவிடுவாள். ஏழாமவளின் அந்த ஒரு தோல்வி பச்சையம்மாவிடம் வாங்கியது. அதைச் சேர்த்தால், ஆறு பேருக்குள் முத்தம்மாள் முதல், பச்சையம்மாவும் கெங்கம்மாளும் இரண்டாம் இடத்தில் சமம்.

"நான் ஜெயிச்சது நெசம் டீச்சர்," என்றாள் பச்சையம்மா. அவள் ஒருத்திதான் பயப்படவில்லை. "கடைசியில கை குடுத்தா. சின்னக் கொழந்த கை மாதிரி இருந்திச்சி. வுடவே மாட்டேன்னா."

"அப்புறம் இன்னா பண்ண?"

"போய்ட்டு வான்னு சொன்னேன். வுட்டுட்டா."

மதலேனாள் தாளை மறுபடி பார்த்தாள். ஆட்டத்துக்கு முன் முகமூடிச் சோதனைக்கு வராதவளின் ஆட்டம் செல்லாது என்பது விதி. ஆனால் தானே கூப்பிட்டு, தானே கை தூக்கித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். அந்தத் தோல்விகளைப் பெண்கள் உடம்பில் வாங்கியிருக்கிறார்கள்.

"சமம்னா இன்னொரு ஆட்டம். ரெண்டு பேரும் வாங்க," என்றாள்.

நாலுக்கு நாலு வரை போனது. கடைசித் தொடுகை கெங்கம்மாளுடையது. பச்சையம்மா முகமூடியைக் கழற்றி அவளுக்கு வாளுயர்த்தி வணங்கினாள், நடுவருக்கு வணங்கினாள். பிறகு யாரும் நிற்காத மூலைப் பக்கம் திரும்பி வணங்கினாள். பனிக்குள்ளிருந்து, வாள் காற்றைக் கிழிக்கும் சத்தம் தெளிவாக ஒரு முறை கேட்டது. சந்தியாகப்பன் சிலுவை போட்டுக்கொண்டார்.

முத்தம்மாளும் கெங்கம்மாளும் சென்னைக்குப் போனார்கள், முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். பச்சையம்மா ஒருபோதும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மதலேனாள் மட்டும் அதன்பின் நடத்திய ஒவ்வொரு போட்டியிலும், ஆட்டத்துக்கு முன் முகமூடி இல்லாமல் வந்து பெயரை உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தாள். வெளியூர் நடுவர்கள் காரணம் கேட்டால், பிள்ளைகளுக்குக் கூச்சம் போவதற்கு என்று சொல்லிவிடுவாள்.