ஆபீஸ் சட்டை, வீட்டுச் சட்டை

கல்யாணமான புதிதில் அவர் ஒரு நாள் பாசிப்பச்சை பேண்ட்டுக்கு மேல் ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் 'சிக்னல்' என்ற பட்டப்பெயரோடு திரும்பி வந்தார். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் ஆபீஸ் அது. நாளெல்லாம் நேர்கோடு போடுகிறவர்களுக்கு வாய் மட்டும் கோணல். பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்குக் கோபமே வரவில்லை.

"எனக்குக் கோடு தெரியும், கலர் தெரியாது. இனிமே நீயே எடுத்துக் குடுத்துடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து அவருடைய துணிமணி அவள் பொறுப்பானது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஷிப்ட் முடிந்து வரும் வழியில் துணிக்கடைக்குள் நுழைந்தால் நேரம் போவதே தெரியாது. குனிந்து வரைகிறவருக்கு முதுகுப் பக்கம் தாராளமாக இருக்க வேண்டும். கைமுட்டி மேஜையில் தேய்ந்தே கிழியும் என்பதால் துணி கெட்டியாக இருக்க வேண்டும். பென்சில் கறை தெரியாத நிறம் வேண்டும். ஆபீஸுக்கு இளநீலம், சாம்பல், மெல்லிய கோடு போட்டது. வீட்டுக்கு, துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிற டி-ஷர்ட். அலமாரியில் மேல்தட்டு ஆபீஸுக்கு, கீழ்த்தட்டு வீட்டுக்கு. குழந்தை இல்லாத வீட்டில் அவள் அழகு பார்க்க அவர் ஒருவர்தான் இருந்தார்.

ஐம்பதைத் தாண்டிய சமயத்தில் அவர் போட்ட ஒரு வரைபடத்தில் மாடிப்படி ஏறிப்போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த படத்தில் குளியலறைக்கு வாசலே இல்லை. அப்போது யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது, மருந்தால் தள்ளிப்போடலாம், திருப்ப முடியாது என்றார். ஆபீஸில் மரியாதையாகப் பேசி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

வேலை போனது அவர் மனதில் பதியவில்லை. காலையில் எந்தச் சட்டையைப் போட்டுவிடுகிறாளோ அதுதான் அன்றைய நாள். டி-ஷர்ட் போட்டுவிட்டால், "இன்னைக்கு லீவா?" என்று கேட்பார். "ஆமாங்க" என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் வரை முகத்தில் ஒன்றும் ஓடாது. ஆபீஸ் சட்டையைப் போட்டுவிட்டால் ஆளே வேறு. முதுகு நிமிரும், பேச்சு கோர்வையாக வரும், அவளைக் கிண்டல்கூடச் செய்வார். ஆனால் பையைத் தேடுவார், வாசலுக்குப் போவார், மறித்தால் அடிக்கக் கை ஓங்குவார். அதனால் மேல்தட்டை அவள் தொடுவதில்லை. ஞாயிறுகளில் மட்டும், கதவை உள்ளே பூட்டிவிட்டு, இளநீலத்தைப் போட்டுவிடுவாள். கொஞ்ச நேரம் கணவனோடு பேசிவிட்டு அவர் வாசல் பக்கம் திரும்பியதும் கழற்றிவிடுவாள். திருட்டுத்தனம் போலத்தான் இருக்கும்.

அவள் வேலைக்குப் போகும் நாட்களில் அவருடைய அக்கா வந்து பார்த்துக்கொண்டாள். அடித்துப் பெய்த மழை வாரத்தில் டி-ஷர்ட் ஒன்றும் காயவில்லை. நேரமாகிவிட்டது. சாம்பல் சட்டையை எடுத்து மாட்டிவிட்டு, "அக்கா, கதவப் பூட்டிக்கோங்க, இன்னைக்கு ஒரு மாதிரி இருப்பாரு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மூட்டுவலி மாத்திரை போட்டிருந்த அக்கா மத்தியானம் கண்ணயர்ந்தாள். சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆபீஸிலிருந்து தாடிக்காரர் போன் செய்தார். கணவருடைய பழைய சிநேகிதர், 'சிக்னல்' என்று பெயர் வைத்தவரே அவர்தான்.

"பதறாதீங்கம்மா. இங்கதான் இருக்காரு. நீங்க வந்து கூட்டிட்டுப் போனா நல்லது."

அவள் லேபில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். நனைந்த தலையோடு அவர் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, அளவுகோலை அழுத்திப் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்குப் புதிதாக வந்த பெண் பக்கத்தில் நின்றிருந்தாள். மேஜையில் விரித்திருந்தது அந்தப் பெண் பிரதி எடுத்து முடித்து வைத்திருந்த வரைபடம். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றும் பிசிறில்லாத நேர்கோடு. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மனைவியைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். எல்லாரையும் பார்த்து, "இது எங்க வீட்டம்மா. எனக்குச் சட்டையெல்லாம் இவதான் எடுப்பா. பாருங்க, எப்படி இருக்கு" என்று காலரைத் தொட்டுக் காட்டினார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றார் தாடிக்காரர். வெளியே ஆட்டோ வரும்வரை கூடவே நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு தடவை வந்தா மேலே இருக்கறவங்க சும்மா இருக்க மாட்டாங்க" என்றார்.

"தெரியுதுங்க" என்றாள்.

வீட்டில் அக்கா அழுது ஓய்ந்திருந்தாள். "லாரியில கீரியில அடிபட்டிருந்தா என்ன பண்ணியிருப்போம்? அந்தச் சட்டையெல்லாம் இந்த வீட்ல எதுக்கு? யாருக்காவது குடுத்துத் தொலைச்சிடு."

அதில் தப்பொன்றும் இல்லை. அவள் மேல்தட்டைக் காலி செய்து, ஆஸ்பத்திரி வார்டு உதவியாளர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டாள். பிறகு துணிக்கடைக்குப் போனாள். விற்பனைப் பையன் பழகினவன். "அக்கா, சாருக்குத் தோதா ஆபீஸ் சட்டை புதுசா வந்திருக்கு, காட்டட்டுமா?" என்றான்.

"வேணாம்பா. பட்டன் இல்லாததா, வீட்டுக்குப் போடற மாதிரி குடு. பேண்ட் எலாஸ்டிக் வச்சதா."

"என்ன கலர்ல?"

"எதுவா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணாவே குடு" என்றாள். விரித்துப் பார்க்கவில்லை, துணியை விரலால் நெருடிப் பார்க்கவில்லை. வழியெல்லாம் அந்தப் பை கையில் கனத்தது.

அதற்குப் பிறகு எல்லா நாளும் லீவு நாளானது. முதலில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் எப்போதாவது கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுப்பினால்தான் எழுந்தார். சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு மெல்லுவதை மறந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எதிரில் உட்கார்ந்து அதையும் இதையும் பேசிப் பார்ப்பாள். சுவரோடு பேசினாலாவது எதிரொலிக்கும். சட்டைகளைக் கொடுத்ததற்காகத் தன்னையே நொந்துகொள்ளாத நாள் இல்லை. உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்து ஆளைத் தொலைத்துவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கடைக்குப் போய், பழைய இளநீலத்தைப் போலவே ஒன்றைத் தேடினாள். இருந்த அத்தனை நீலத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவர் இளைத்திருந்ததால் ஒரு சைஸ் குறைத்து எடுத்தாள். கூடவே கறுப்பு பேண்ட்டும்.

ஞாயிறு காலை அவரைக் குளிப்பாட்டி, தலை வாரி, புதுச் சட்டையைப் போட்டுவிட்டாள். கதவைப் பூட்டவில்லை. ஓடினால் ஓடட்டும், தெருத் தெருவாகப் பின்னாலேயே ஓடிக்கொள்கிறேன் என்று தீர்மானித்திருந்தாள். அடித்தாலும் சரி என்றிருந்தாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஆபீஸுக்கு நேரமாச்சுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் போய்க் கதவைத் தானே அகலத் திறந்தாள். தெரு இரைச்சல் உள்ளே வந்தது. பழைய ஆபீஸ் பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"கிளம்புங்க. தாடிக்காரர் காத்துட்டிருப்பாரு."

அவர் பையைக் கீழே விழாமல் பிடித்து, மெதுவாக அவளிடமே நீட்டினார். வேற்று மனிதரிடம் பேசும் பணிவோடு, "சரிங்க. போயிட்டு வாங்க" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவளை அவர் 'வாங்க' என்று சொன்னதில்லை. வா, போ, அடியே, எல்லாம் சொல்லியிருக்கிறார். அவள் பையை வாங்கிக்கொண்டு, திறந்த கதவருகே நின்றாள். எட்டிப் பார்த்துவிட்டுப் போக வந்த அக்கா உள்ளே நுழைந்து, தம்பியைப் பார்த்து, "அட, எவ்வளவு நல்லா இருக்கு இவனுக்கு" என்றாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

இருவருமாகச் சேர்ந்து சட்டையைக் கழற்றினார்கள். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார், இறக்கச் சொன்னால் இறக்கினார். ஒரு முரண்டும் இல்லை.