பீடம் இருந்த இடத்தில் கேக்

பிறின்சி அன்று தாயைக் கூட்டிப்போன இடம், எண்ணூறு வருடங்களுக்கு முன் கத்தோலிக்கத் துறவிகள் கட்டிய கோயிலும் மடமும். பிறகு ஓர் அரசன் அதைப் பறித்து ஒரு பிரபுவுக்குக் கொடுக்க, அவர் அதை மாளிகையாக்கிக் குடியிருந்தார். காரில் மகள் இதையெல்லாம் விளக்கினாள். முல்லைத்தீவிலிருந்து வெளிநாட்டு மகளிடம் மூன்று மாத விசாவில் வந்திருந்த யூலிற்றாவின் காதில் 'கோயில்' மட்டும் தங்கியது.

வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். முக்காடு போட்டாள்.

"அம்மா, இது வீடு. செருப்பைப் போடுங்கோ."

"வீடாக்கினா, கோயில் இல்லையெண்டு ஆகிடுமே?"

சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு மான்தலைக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்டாள். பிரபுவின் கட்டிலருகே முழந்தாளிட்டாள். தலைசுற்றாக்கும் என்று காவலாளி கதிரை கொண்டுவந்தார்.

கடைசியில் தேநீர்க் கடை. "பூசைப் பீடம் இருந்தது இதிலதானாம்," என்று சுவரிலிருந்த பலகையை வாசித்துச் சொல்லிவிட்டு, மகள் கழிவறைக்குப் போனாள்.

உயர்ந்த கண்ணாடி யன்னலின் கீழே ஆட்கள் சத்தமில்லாமல் வரிசையில் நின்றார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட பெண்ணொருத்தி தட்டிலிருந்து சின்னத் துண்டுகளை ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

யூலிற்றா பூசையில் நன்மை அப்பம் வாங்கி ஆறு வருடம். புருசன் யாகப்புவின் செத்த வீட்டில் தங்கை றஞ்சனி, "உன்ரை உப்புக் கறிதான் அத்தானைக் கொண்டுபோனது," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அன்றிலிருந்து பேச்சில்லை. தங்கையோடு சமாதானமாகிவிட்டு நன்மைக்கு வா என்றார் பங்குச் சுவாமி. புருசனுக்குப் பிறசர் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து உப்பைக் குறைத்தவள்தான். குறைத்தது போதுமோ என்பது அவளுக்கே நிச்சயமில்லை. அதனால்தான் கோபமும் ஆறவில்லை.

இங்கே ஆருக்குத் தெரியப்போகிறது? வரிசையில் நின்றாள். முறை வந்ததும் கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு மெல்ல ஒரு துண்டை நாக்கில் வைத்தாள்.

"ஆமென்," என்றாள் யூலிற்றா. இந்த ஊரில் அப்பத்திலேயே வைனையும் ஊற்றித் தருகிறார்கள் போலும்.

திரும்பிவந்த மகளிடம், "பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கிட்டன் பிள்ளை," என்றாள்.

"ஐயோ அம்மா, அது கேக். ருசி பாக்கக் குடுக்கிறது."

"நான் நன்மையெண்டுதானே வாங்கினனான்? றஞ்சனிக்குப் போன் அடி."

முல்லைத்தீவில் தொலைபேசி எடுபட்டது.

"றஞ்சனி, நான் அக்கா கதைக்கிறன்."

"ஆருக்கு என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. நான் உன்னை மன்னிச்சிட்டன். கெதியா ஓமெண்டு சொல்லு, கேக் இன்னும் தொண்டையிலதான் நிக்குது."

"என்ன கேக்?"

"அதை விடு. நீ சொன்னது சரியாயிருக்குமோ எண்டுதான் கோவிச்சனான். இன்னும் கொஞ்சம் உப்பைக் குறைச்சிருக்கலாம்."

மறுபக்கத்தில் றஞ்சனி மூக்கை உறிஞ்சினாள்.

"உன்ரை கறியில உப்பே இல்லையெண்டு அத்தான் என்ரை குசினிக்கு வாறவர், அக்கா. கருவாடு பொரிச்சுக் குடுத்தனான். எனக்குப் பயத்தில உன்னிலை பழியைப் போட்டிட்டன்."

"எத்தினை நாள் வந்தவர்?"

"ஞாயிறு தவிர."

யூலிற்றா ஒரு கதிரையில் போய் இருந்தாள். மன்னிப்பை ஒரு நிமிடம் முந்திக் கொடுத்துவிட்டாள். இனித் திருப்பி வாங்க வழியில்லை. நெஞ்சுக்குள் ஆறு வருடமாக இறுகிக் கிடந்தது இளகுவதும் எரிவதும் ஒன்றாகத் தெரிந்தது.

"என்ன கருவாடு?" என்று கேட்டாள்.