நேற்றே கேட்ட மூன்று வெடி

அல்பீனாவின் துப்பாக்கி இன்றைக்குச் சுட்டால் அதன் சத்தம் நேற்றைக்கே கேட்டிருக்கும். சரியாக ஒரு நாள் முன்னால், அதே நிமிடத்தில், அவள் எங்கே நின்று சுடப் போகிறாளோ அந்த இடத்திலிருந்து. சுடும்போது ஒரு சத்தமும் வராது. யாவோர்ஜே மலைக்கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பேருந்து நேரம் தெரிவதைப் போலத்தான் தெரியும், ஆனால் பேருந்து பலநாள் பிந்தி வரும்.

அதை அவள் வாங்கியது 1964 இலையுதிர் காலத்தில். ஊர் வேட்டைச் சங்கம் முதன்முதலாக ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்ட வருஷம் அது. தலைவர் ஃப்ளோரியான் புளித்த முட்டைக்கோஸைப் பச்சையாகத் தின்றவர் போல முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சங்கத்தில் பதினெட்டு ஆண்கள். எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று அவள் ஒருவரிடம்தான் கேட்டாள். பதினெட்டுப் பேரும் பதில் சொன்னார்கள். பெண்ணின் தோள் தாங்காது, சின்னத் தோட்டா போதும் என்றார் ஒருவர். கரடி வந்தால் சின்னத் தோட்டா அதற்குக் கிச்சுகிச்சு மூட்டத்தான் ஆகும் என்றார் இன்னொருவர். தொலைநோக்கி இல்லாமல் வாங்காதே என்றும், தொலைநோக்கி வைத்துச் சுடுவது கோழைத்தனம் என்றும் ஒரே மேசையில் சொன்னார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கணவன் காஷ்பரைக் கூட்டிக்கொண்டு கொச்செவ்யே நகரத்துக்குப் பேருந்து ஏறினாள்.

காஷ்பர் அக்கார்டியன் பழுது பார்ப்பவன். ரொட்டி வாங்கப் போய் இடுகாட்டில் போய் நிற்கிற ஆள். வழி என்பது அவன் மண்டையில் தங்கவே தங்காது. காது மட்டும் அசாத்தியம். ஒரு முறை காதில் விழுந்த சத்தத்தைப் பற்றி ஒரு மாதம் கழித்து விசாரித்தாலும், அது எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று சொல்வான். கொல்லன் பட்டறை, மரம் அறுக்கும் ஆலை, இன்னார் வீட்டு நாய் என்று சத்தங்களைப் பிடித்துக்கொண்டுதான் ஊருக்குள் நடமாடினான். ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது, அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடுவான்.

கடைக்காரர் போகோமிர் எட்டுத் துப்பாக்கிகளை மேசையில் பரப்பினார். அல்பீனா முதலில் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டாள், குளிரில் வெறுங்கையோடு யாரும் வேட்டைக்குப் போவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணை மூடித் தோளில் வைத்தாள். வைத்த பிறகு கண்ணைத் திறந்தாள். குழல் நுனியில் உள்ள குறிமுள் நேராக நின்றால் அந்தத் துப்பாக்கிக் கட்டை அவள் தோளுக்கானது. கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் அது வேறு யாருக்கோ. பிறகு தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, தள்ளி, மடக்கினாள். காஷ்பர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இது தகர டப்பா," என்றான். அடுத்ததற்கு, "இது எண்ணெய் போடாத கதவு." எட்டும் முடிந்ததும், "அடுப்புக்குப் பின்னாடி இன்னொண்ணு இருக்கு. நீ நடக்கிறப்ப பலகை ஆடி அது லேசா முனகுது. அதை எடு," என்றான்.

போகோமிர் போய் அடுப்பை மறைத்து நின்றுகொண்டார். "அது வேணாம்மா. நாலு பேரு வாங்கிட்டுப் போயி நாலு பேரும் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"ஏன், சுடாதா?"

"நல்லாத்தான் சுடும். நேத்துப் பத்தே முக்காலுக்குப் பின்கட்டுல வெடிச்சுது. போய்ப் பார்த்தா ஆளே இல்ல. அப்பவே புரிஞ்சுபோச்சு, இன்னைக்கு யாரோ இதை எடுக்கப் போறாங்கன்னு. அதான் ஒளிச்சு வச்சேன்."

அவள் கண்ணை மூடி அதைத் தோளில் வைத்தாள். திறந்தபோது குறிமுள் கண்ணுக்கு நேராக நின்றது. போல்ட் தண்ணீரில் கல் இறங்குவது போல உள்ளே போனது. காஷ்பர் சுவரைப் பார்த்தபடியே சிரித்தான். பின்கட்டில் பத்தே முக்காலுக்கு அவள் விசையை அழுத்தினாள். தோள் அதிர்ந்தது, குழல்வாயில் புகை வந்தது, அட்டையின் நடுவில் ஓட்டை விழுந்தது. பக்கத்து வீட்டுக் கோழி மேய்ந்துகொண்டே இருந்தது.

முதல் நாளே மிருகங்களுக்குத் தெரிந்துவிடுவதால் காட்டில் ஒன்றும் சிக்காது, நாலு பேரும் அதனால்தான் திருப்பினார்கள் என்று போகோமிர் ஒளிக்காமல் சொன்னார். அல்பீனா கட்டையைத் தடவிப் பார்த்தாள். "சொல்லிட்டுச் சுடுற துப்பாக்கி. எனக்கு இதுதான் வேணும்," என்றாள்.

பதினாறு வருஷம் அதோடு காட்டுக்குப் போனாள். சத்தம் கேட்ட இடத்தை விட்டு இளம் மான்களும் குட்டியோடு திரியும் பெண்மான்களும் விலகிப் போய்விடும். மறுநாள் அதே நிமிடத்தில் அங்கே வந்து நிற்பது பல் தேய்ந்த கிழமாகவோ, கால் ஒடிந்ததாகவோ, இனிக் குளிர்காலம் தாங்காததாகவோதான் இருக்கும். சங்கத்தில் ஒருவரை மதிப்பது எத்தனை சுட்டார் என்பதை வைத்தல்ல, எதைச் சுட்டார் என்பதை வைத்துத்தான். அந்தக் கணக்கில் அவளை மிஞ்ச மாவட்டத்திலேயே ஆள் இல்லை. அந்த ஊர் வேட்டை வழக்கப்படி விழுந்த மானின் வாயில் கடைசிக் கவளமாகப் பச்சைக் கிளையை வைத்துவிட்டு, மறு கிளையைத் தொப்பியில் செருகிக்கொண்டு அவள் இறங்கி வரும்போது ஃப்ளோரியான் முதலில் வேறு பக்கம் பார்த்தார். ஐந்தாம் வருஷம் தொப்பியைத் தொட்டார். பத்தாம் வருஷம் கழற்றினார்.

ஒரே ஒரு விஷயத்தில் அவள் கண்டிப்பு. முந்தைய நாள் சத்தம் கேட்டுவிட்டால் மறுநாள் போய்ச் சுட்டே தீர்வாள். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வெடி கேட்டால் காட்டுப்பன்றிகள் அன்றோடு வருவதை நிறுத்திவிடும். ஆனாலும் அவள் மறுநாள் போய் வெறும் மண்ணில் ஒரு தோட்டாவைச் சுட்டுவிட்டு வருவாள். சுடாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளும் சோதித்துப் பார்க்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

1980 நவம்பரில் ஒரு புதன்கிழமை. ஊரே மூடுபனியில் முங்கிக் கிடந்தது. பிற்பகல் மூன்று இருபதுக்கு ஊருக்கு மேலே இருக்கும் ஆட்டுமுதுகு மேட்டிலிருந்து மூன்று வெடி கேட்டது. அல்பீனா எப்போதும் ஒரு தோட்டாவோடு முடிப்பவள். ஊரில் அவளுக்கு ஆகாதவர்கள் மெகுஷார் சகோதரர்கள், அவர்களும் மூன்று பேர். அவளுடைய இரண்டு மரங்களை வெட்டிவிட்டு இல்லையென்று சாதித்தவர்கள். மூன்று பேரையும் வரிசையா நிக்க வைக்கணும் என்று அவள் சாராயக் கடையில் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். நாலு மணிக்குள் மூவரும் டிராக்டரில் ஏறி, மூத்தவனின் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த மாமியார் பதினோரு வருஷமாக அழைத்தும் ஒரு முறைகூடப் போகாதவர்கள் அவர்கள்.

யாரை, எதைச் சுடப்போகிறோம் என்று அல்பீனாவுக்கே தெரியவில்லை. துப்பாக்கி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. காஷ்பரிடம் கேட்கலாம் என்றால் அவன் செவ்வாய்க்கிழமையே மலைக்கு அந்தப் பக்கம் பிளானீனா ஊருக்குக் கல்யாண வீட்டு அக்கார்டியனைச் சரி செய்ய, வழியில் மரம் வெட்டும் சத்தம் கேட்கும் என்று நம்பித் தனியாகப் போயிருந்தான்.

வியாழன் காலையில் பிளானீனாவிலிருந்து மணப்பெண்ணின் அப்பா வந்து கதவைத் தட்டினார். "அக்கார்டியன்காரர் ஏம்மா இன்னும் வரல? சனிக்கிழமை கல்யாணம்."

அல்பீனா விரலை மடக்கி எண்ணினாள். இரண்டு ராத்திரி, உறைபனியில், மூடுபனியில், எந்தச் சத்தமும் இல்லாத காட்டில் அவன். சங்கத்து ஆட்கள் பிளானீனா பாதையில் தேடக் கிளம்பினார்கள். அவள் மட்டும் துப்பாக்கியையும் மூன்று தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் மேட்டுக்கு நடந்தாள். ஃப்ளோரியான் வழியை மறித்தார்.

"சத்தமே வராத துப்பாக்கியை வச்சு யாரைக் கூப்பிடப் போறே? என்னோடதக் கொண்டு போ. அதாவது கேக்கும்."

"உங்களோடது இன்னைக்குத்தான் கேக்கும். காஷ்பர் நடந்து வர ஒரு நாள் வேணும். நேத்தே கேட்டிருந்தாத்தான் உண்டு."

ஃப்ளோரியான் விலகி நின்றார்.

மேட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மூன்று இருபதுக்கு அவள் வானத்தைப் பார்த்து முதல் தோட்டாவைச் சுட்டாள். தோள் அதிர்ந்தது, அவ்வளவுதான். போல்ட்டை இழுத்துத் தள்ளி இரண்டாவதைச் சுட்டாள். பனி அப்படியே நின்றது. யாரும் வரவில்லை. நேற்று இந்தச் சத்தம் கேட்டபோது அவன் உயிரோடு இருந்தானா என்கிற நினைப்பு அப்போதுதான் வந்தது. போல்ட்டின் மேல் வைத்த கை நகரவில்லை. துப்பாக்கியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவதைச் சுட்டாள்.

பனிக்குள்ளிருந்து சருகு மிதிபடும் சத்தம் வந்தது. ஒரு கால் பலமாக, ஒரு கால் இழுத்து. காஷ்பர் கம்பை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி வந்தான். நேற்று மூன்று இருபதிலிருந்து அந்தத் திசையைக் காதுக்குள் வைத்துக்கொண்டு அப்படியேதான் நடந்திருக்கிறான். உதடு வெடித்திருந்தது.

"ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல அவ்ளோ நேரமா?" என்றான். "உன் கை எப்பவும் அப்படி நிக்காது. அழுறேன்னு தெரிஞ்சுது. அதான் எங்கயும் உக்காராம வந்தேன்."

சனிக்கிழமை கல்யாணத்தில் பழுது பார்த்த அக்கார்டியன் ஒலித்தது. காஷ்பர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு மூன்று தட்டு மான்கறி சாப்பிட்டான். மெகுஷார் சகோதரர்கள் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து, யாரும் கேட்காமலே இரண்டு வண்டி விறகை அல்பீனா வீட்டு வாசலில் இறக்கினார்கள். அடுத்த வருஷம் சங்கத்தின் துப்பாக்கிப் பதிவேட்டில் தொலைநோக்கி என்கிற கட்டத்துக்குப் பக்கத்தில் ஃப்ளோரியான் ஸ்கேலை வைத்து ஒரு புதுக் கட்டம் வரைந்தார். சத்தம் என்று தலைப்பிட்டு, பதினெட்டுப் பேருக்கு நேராக 'அன்றே' என்றும் அல்பீனாவுக்கு நேராக 'முந்தைய நாள்' என்றும் எழுதினார். இப்போதும் மேட்டிலிருந்து வெடி கேட்டால் யாவோர்ஜேக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நாளைக்கு இந்நேரம் என்று குறித்துக்கொண்டு, மறுபடி குனிந்து உருளைக்கிழங்கு தோண்டுவார்கள்.